முதல் பத்து அடிகள்

எண்பத்தெட்டு என்ற எண் திரையில் வந்து நின்ற அன்று, லயனல் தன் மேசையோரத்தில் ஒட்டியிருந்த காகித டேப்பில் அதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டான். நிறுவனத்தை நடத்தும் டாக்டர் கலாதேவி வந்து பார்த்துவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது புந்தோங் பக்கத்துக் கச்சாங் பூத்தே வறுகடலை ஆறு பொட்டலம் கையில் இருந்தது. சிலிபினுக்குப் பின்னால் இருக்கும் சிறுதொழில் வரிசைக் கட்டடத்தில், ஒன்பது பேர் வேலை செய்யும் அந்தச் சின்ன நிறுவனத்தில், அதைவிடப் பெரிய விழா அதுவரை நடந்ததில்லை.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு மின்தேக்கி. முடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை இறுக்கிச் சுருட்டிய, கைக்குள் அடங்கும் உருளை. மின்சாரத்தை உள்ளே வாங்கி வைத்திருந்து, கேட்ட நொடியில் மொத்தமாக வெளியே கொட்டுவதுதான் அதன் வேலை. இதயம் தாறுமாறாகத் துடித்துக் கீழே விழுந்தவரின் நெஞ்சில் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவி இருக்கிறதே, அதற்குள் வைப்பதற்காக அதைச் செய்தார்கள். வழக்கமான படலத்தில் சுருட்டினால் கருவி கனத்துப்போகும். இவர்கள் எடுத்துக்கொண்ட பிளாஸ்டிக் வேறு சாதி. அதன் மூலக்கூறுச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின். மின்சாரம் ஏறினால் கண்ணிகள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பி நிற்கும். அதனால் சின்ன உடம்பில் நிறைய மின்சாரத்தை அடக்கும். குறை ஒன்றுதான்: வாங்கியதை முழுதாகத் திருப்பித் தராது. நூறு பங்கு உள்ளே போனால் ஐம்பதோ அறுபதோ வெளியே வரும். மீதி சூடாகப் போய்விடும். இரண்டு வருடம் படலத்தை இழுத்தும், சுட்டும், சட்டென்று குளிரவைத்தும் பார்த்துப் பார்த்து, இப்போதுதான் எண்பத்தெட்டைத் தொட்டிருந்தார்கள்.

அளக்கும் கருவியை லயனல் தன் கையால் கட்டினான். அதை ஓட்டும் புரோகிராமும் அவன் எழுதியதுதான். நாற்பத்து மூன்று வயதில் தன் பெயர் ஒரு ஸ்லைடின் மேல் வரியில் வரப்போகிறது என்பதில் அவனுக்கு ஒரு பூரிப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மனைவி எல்ஸியின் தம்பிகளிடம் அதைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை.

பினாங்கிலிருந்து அந்த இதயக் கருவி செய்யும் கம்பெனியின் பொறுப்பாளர் தினேஸ்வரி வந்து பார்க்கப்போகும் நாளும் குறித்தாயிற்று. இரண்டு வாரம் இருந்தது.

அப்போதுதான் ரஸ்னா ஒரு கேள்வி கேட்டாள்.

ரஸ்னா வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் தஞ்சோங் மாலிம் பக்கத்தில் இருக்கும் கார்த் தொழிற்சாலையில் பெயிண்ட் சோதிக்கும் பிரிவில் இருந்தவள். சொந்த ஊர் சுங்காய். வாரநாளில் சிலிபினில் ஒரு வாடகை அறை, வெள்ளிக்கிழமை மாலையானால் தன் பழைய காரில் வீடு. அதிகம் பேசமாட்டாள். நோட்டில் எழுதுவாள்.

"அண்ணே, உங்க புரோகிராம்ல கணக்கு பதினோராவது அடியிலேருந்துதானே தொடங்குது?"

"ஆமா."

"மொத பத்து அடி என்னாச்சு?"

மின்தேக்கியை நிரப்பி ஒருமுறை கொட்டவைப்பதை அவர்கள் 'அடி' என்றுதான் சொல்வார்கள்.

"அது குப்பைம்மா. புது ஃபிலிம்ல தூசி இருக்கும், கிளிப் சரியா ஒக்காந்திருக்காது. சூடேறட்டும்னு பத்து அடி சும்மா அடிச்சுத் தள்ளிட்டுத்தான் அளப்போம். நான் பழைய கம்பெனில வேல செஞ்சப்பவே அப்படித்தான். எல்லா எடத்துலயும் அப்படித்தான் லா."

"சரிண்ணே," என்றாள் ரஸ்னா. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். அதோடு விட்டுவிட்டாள் என்றுதான் லயனல் நினைத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பொருள் எடுத்துப்போகும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, உபரி மின்தேக்கி ஒன்றை எடுத்துக்கொண்டாள். முனை இரண்டையும் செம்புக் கம்பியால் சேர்த்துக் கட்டி, பெட்டியில் வைத்து, 'சுங்காய், திங்கள் காலை திரும்பும்' என்று எழுதியிருந்தாள். லயனல் அதைத் திங்கட்கிழமை காலையில்தான் பார்த்தான். பார்த்தபோது அவள் பெட்டியோடு அவன் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, இத மொத அடியிலேருந்தே அளந்து பாக்கலாமா? எதையும் தள்ளாம."

"எங்க கொண்டு போன இத?"

"என் தம்பி அக்மல் தோட்டத்து கிளினிக்ல வேன் ஓட்டறான். நோயாளி தூக்கற வேன். அந்த வேனுக்குள்ள சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வெச்சிருந்தேன். தெர்மாமீட்டரும் வெச்சேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு அறுபத்தோரு டிகிரி."

லயனலுக்கு எரிச்சல் வந்தது. "அறுபது டிகிரில யாரு ரஸ்னா வேல செய்யப்போறா? நம்ம ரூம் இருபத்து மூணு டிகிரி."

"கார் ஃபேக்டரில பெயிண்ட் தகட்ட வெயில்ல காயப்போட்டுத்தான் பாப்போம் அண்ணே. இத வெக்கப்போற மெஷினும் வேன்லதானே கெடக்கும்? அதான் கேட்டேன்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. மறுக்கக் காரணம் கிடைக்காததால் லயனல் புரோகிராமைத் திறந்தான். முதல் பத்தைத் தூக்கி எறியச் சொல்வது ஒரே ஒரு வரி. அதை எடுத்துவிட்டு, உருளையைக் கிளிப்பில் மாட்டி, கண்ணாடிக் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினான்.

முதல் அடி. அறுபத்தொன்று.

இரண்டாவது, எழுபத்து நான்கு. மூன்றாவது, எண்பது. பிறகு எண்பத்து நான்கு, எண்பத்தாறு. மெல்ல மெல்ல ஏறி, பத்தாவது அடியில் எண்பத்தெட்டுக்கு வந்து, அதன்பின் அசையாமல் நின்றது.

"கிளிப்," என்றான் லயனல்.

கிளிப்பை மாற்றினான். கம்பியை மாற்றினான். அந்த உருளை இப்போது எத்தனை முறை அடித்தாலும் எண்பத்தெட்டுதான் காட்டியது. பிறகு அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்தான். வெயிலே படாமல் குளிர்சாதன அறையில் ஆறு வாரம் சும்மா இருந்தது. முதல் அடி எழுபத்தாறு. இன்னொன்று, எழுபத்தைந்து. மதியம் வரை அலமாரியில் இருந்த ஒன்பது உருளைகளையும் அடித்துப் பார்த்தான். ஒன்றுகூட முதல் அடியில் எண்பதைத் தொடவில்லை. சாப்பாட்டுக்கு எல்லாரும் போனார்கள். இவன் போகவில்லை. ரஸ்னாவும் போகவில்லை. அவன் சொல்லச் சொல்ல எண்களை எழுதிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருமுறைகூட 'பாத்தீங்களா' என்று சொல்லவில்லை.

கடைசியில் அவன் நாற்காலியில் சாய்ந்து, "ஏன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"நெனைக்கிறேன் அண்ணே. கரண்டு ஏறும்போது கண்ணியெல்லாம் ஒரே பக்கம் திரும்புதுல. கரண்டு போனதும் பாதி திரும்பி வராது, அப்படியே நிக்கும். மறுபடி அடிக்கும்போது அதெல்லாம் ஏற்கெனவே திரும்பித்தானே நிக்குது? திருப்பற செலவு இல்ல. அதனாலதான் பத்தாவது அடி அவ்ளோ நல்லா வருது. ஆனா ரொம்ப நாள் சும்மா கெடந்தாலோ, வெயில்ல வெந்தாலோ, எல்லாம் கலைஞ்சு போயிரும். அப்புறம் மொத அடில மறுபடியும் ஒண்ணொண்ணா திருப்பணும். அந்தச் செலவு நெஞ்சுக்குப் போக வேண்டியதுலேருந்து போகுது."

அவள் சொல்லி முடிக்கும்முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. தன் பழைய கோப்புகளைத் திறந்தான். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். எல்லாமே பதினோராவது அடியில் தொடங்கின. முதல் பத்து அடிகளை அவன் புரோகிராம் ஒதுக்கியதோடு நிற்கவில்லை, சேமிக்கவே இல்லை. இரண்டு வருடமாக அந்த உருளைகள் ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. கேட்க வேண்டிய இடத்தில் அவன் காதைப் பொத்தியிருந்தான். கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

எண்களைச் சரிபார்க்க அவள் நோட்டை வாங்கினான். சனிக்கிழமை தேதி போட்ட பக்கம் கண்ணில் பட்டது. 'வேன், 61 டிகிரி. முதல் அடி 60 இருக்கலாம். பத்துக்குள் மீண்டும் 88 வரும்' என்று பென்சிலில் எழுதியிருந்தது.

முழுக் கதையும் அவளுக்கு இரண்டு நாள் முன்பே தெரிந்திருக்கிறது. அப்படியும் வந்து நின்று, அளந்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

"மேடம்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணே. அளக்காம என்னத்தச் சொல்ல? அதோட, மெஷின் உங்களுது. உங்ககிட்டதான மொதல்ல கேக்கணும்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு லயனலுக்கு வராமல் இல்லை. தினேஸ்வரி எண்பத்தெட்டைப் பார்ப்பார், கையெழுத்தாகும், ஒன்பது பேருக்கும் வேலை நிலைக்கும். பிறகு எங்கோ ஒரு வேனில் ஒருவர் படுத்திருப்பார். அவர் நெஞ்சில் வைக்கும்முன் பத்து அடி சும்மா அடித்துத் தள்ள யாருக்கும் நேரம் இருக்காது. அந்த இடத்தில் அவன் எழுந்துவிட்டான்.

"வா. நானே சொல்றேன். நீ பக்கத்துல நில்லு."

கலாதேவி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். லயனல் எதையும் மென்று விழுங்கவில்லை. ஒரு வரி, அதை எழுதியது நான், சேமிக்காமல் விட்டதும் நான் என்றான். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"அந்த வேன நான் பாக்கணும்," என்றார் கலாதேவி. "நாளைக்கே போலாம்."

மறுநாள் அளக்கும் கருவியைப் பிரித்துப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு மூவரும் சுங்காய்க்குப் போனார்கள். ரப்பர் பால்மரம் நின்ற மேடெல்லாம் செம்பனையாகி வெகுகாலம் ஆகியிருந்தது. தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான பழைய லயத்துக்கு எதிரே தகரக்கூரை போட்ட கிளினிக், அதன் முற்றத்தில் நிழலே இல்லாத இடத்தில் வெள்ளை வேன். ரஸ்னாவின் தம்பி அக்மல் இருபத்தெட்டு வயது ஆள். சட்டைப் பையில் இரண்டு பேனா, இடுப்பில் சாவிக்கொத்து. வந்தவர்களுக்கு முதல் வேலையாகக் குளிர்ந்த பார்லித் தண்ணீர் கொடுத்தான்.

"ஷாக் குடுக்கற மெஷின உள்ள வெச்சுக்கலாமே தம்பி, ஃபேனுக்கடில?" என்று கேட்டான் லயனல்.

"எப்படிண்ணே? போன் வந்தா நான் ஓடியாந்து வண்டிய எடுக்கணும். உள்ள போய் பெட்டியத் தேடிக்கிட்டிருந்தா யாரு காத்திருப்பா? எல்லாம் வண்டியிலதான் இருக்கும். போன மாசம் ஸ்லிம் ரிவர் ரோட்டுல ஒருத்தர் விழுந்துட்டார். நான் போய்ச் சேர்றதுக்கே பதினோரு நிமிசம்."

"பொழச்சாரா?"

"இல்ல," என்றான் அக்மல். வேனின் பின்கதவைத் திறந்துவிட்டான்.

ஐந்து உருளைகளை வேனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். லயனல் முற்றத்தில் கயிறு கட்டி, யாரும் கிட்டே வராதபடி செய்து, கிளினிக்கிலிருந்து மின்சாரம் இழுத்துக் கருவியைப் பூட்டினான். இரண்டு மணிக்கு வேனுக்குள் அறுபத்து மூன்று டிகிரி. கலாதேவி அந்தச் சூட்டுக்குள் தானே ஏறி, வேர்த்து வழிய, உருளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தார். முதல் உருளையின் முதல் அடி ஐம்பத்தெட்டு. அடுத்ததும் அதே. ஐந்தும் ஒன்றுக்கொன்று இரண்டு எண்ணுக்குள் அடங்கின. ரஸ்னா ஐந்தையும் எழுதினாள்.

கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்மல், "பத்தாவதுல சரியாயிருதுல்ல?" என்றான்.

"ஆயிருது," என்றான் லயனல்.

"ஆனா மொத அடி அந்த ஆளுக்குத்தானே அண்ணே?"

திரும்பி வரும் வழியில் கலாதேவிதான் வண்டி ஓட்டினார். பீடோர் தாண்டியதும் அவர், "லயனல், ஸ்லைட மாத்துங்க. எண்பத்தெட்டும் இருக்கட்டும். ஐம்பத்தெட்டு அதுக்கு முன்னால வரணும்," என்றார்.

தினேஸ்வரி வந்த அன்று லயனல்தான் எழுந்து நின்று பேசினான். எண்பத்தெட்டு எப்படி வந்தது, எதை விட்டுவிட்டார்கள், வேனில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். தினேஸ்வரி கெட்டிக்காரர். உடனே ஒரு வழி சொன்னார்.

"கருவியே உள்ளுக்குள்ள ஒரு பத்து அடி அடிச்சு எழுப்பி வெச்சுக்கலாமே. காலையில ஒரு தடவ."

லயனலுக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. ஆனால் ரஸ்னா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையில எழுப்பினா மத்தியான வெயில்ல மறுபடி கலைஞ்சுருது மேடம். அம்பது நிமிசத்துல பாதி போயிருச்சு, ரெண்டு நாள் அளந்தேன். அப்ப மணிக்கு ஒரு தடவ எழுப்பணும். பேட்டரி ஒம்பது நாளைக்கு மேல வராது. இப்ப உங்க கருவிக்கு ரெண்டு வருசம் வருதுல்ல?"

அந்த அளவை அவள் எப்போது எடுத்தாள் என்று லயனலுக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கேள்வி வரும் என்று யாரும் நினைப்பதற்கு முன்பே அவள் அதற்குப் பதிலைச் செய்து வைத்திருந்தாள்.

தினேஸ்வரி கணினியை மூடினார். கையெழுத்து ஆகவில்லை. போகும்போது வேனில் எடுத்த எண்களின் வரைபடத்தை மட்டும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த பதினான்கு மாதமும் லகுவாகப் போகவில்லை. இரண்டு பேர் வேறு வேலைக்குப் போனார்கள். மீதிப் பேர் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்: கண்ணிகள் திரும்பட்டும், ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் கரண்டு போனதும் உடனே பழைய நிலைக்கு வர என்ன செய்வது? சங்கிலியில் அங்கங்கே பருத்த கண்ணியைச் சேர்த்த வேறொரு பிளாஸ்டிக் உண்டு. பருத்த கண்ணி நடுவில் நின்றால், பக்கத்தில் இருப்பவை கூட்டமாகச் சேர்ந்து இறுகிக்கொள்ள முடியாது. விஷயம் புத்தகத்தில் இருந்ததுதான். அதை முடியைவிட மெல்லியதாக இழுப்பதுதான் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பிளாஸ்டிக் கொழகொழவென்று இருந்தது. இழுத்தால் கிழிந்தது. குமுதா என்ற படல இயந்திரக்காரியும் ரஸ்னாவும் இழுவையின் வேகத்தை இம்மி இம்மியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஒருநாள் முப்பத்தேழு முறை கிழிந்தது. முப்பத்தெட்டாவது சுருளை இயந்திரத்தில் மாட்டும்போது ரஸ்னா, "அக்கா, இந்தத் தடவ இடது ரோலர மட்டும் ரெண்டு டிகிரி கொறைப்போமா?" என்றாள், அன்றைக்கு அதுதான் முதல் சுருள் என்பதுபோல. லயனல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனாக இருந்தால் இருபதாவதிலேயே வீட்டுக்குப் போயிருப்பான்.

அந்தப் படலத்தில் சுருட்டிய உருளை அளக்க வந்தபோது லயனலின் புரோகிராம் முற்றிலும் மாறியிருந்தது. முதல் அடியைத் திரையில் பெரிய எழுத்தில் தனியாகக் காட்டியது. எழுபத்தொன்பது. பத்தாவது அடி எண்பது. வேனில் மூன்று நாள் வெந்த பிறகும் முதல் அடி எழுபத்தொன்பது. எண்பத்தெட்டைவிடக் குறைவுதான். ஆனால் முதலில் என்ன தந்ததோ அதையே கடைசிவரை தந்தது.

இந்தமுறை தினேஸ்வரி இன்னும் இரண்டு பேரோடு வந்தார். ஒருநாள் முழுக்க உட்கார்ந்து, தானே உருளைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, அடிக்கச் சொல்லிப் பார்த்தார். மாலையில், பேராக் மாநிலத்தில் நாற்பது வேன்களில் வைத்துப் பார்க்க ஒப்பந்தம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டு, கூட வந்தவர்களிடம் அவர், "இவங்க ஒரு தடவ தங்களோட நல்ல நம்பரத் தாங்களே வந்து ஒடச்சவங்க. அதான் திரும்பி வந்தேன்," என்றார். பிறகு லயனலைப் பார்த்து, "அந்த மொத அடி விஷயத்த எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்.

அவர் முன்னால் இருந்த சோதனை அறிக்கையில் அவன் பெயர் முதலிலும் ரஸ்னா பெயர் இரண்டாவதாகவும் இருந்தது. அவள்தான் அப்படிப் போட்டிருந்தாள்.

"நான் கண்டுபுடிக்கல," என்றான் லயனல். "நான் ரெண்டு வருசம் அத அழிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு வரி எழுதி வெச்சு, பாக்கக்கூட பாக்காம தூக்கிப் போட்டேன். இவங்க வந்து எட்டே மாசத்துல, அந்தப் பத்து என்னாச்சுன்னு கேட்டாங்க. கேட்டதோட நிக்கல, வெயில்ல கொண்டுபோய் வெச்சுப் பாத்தாங்க. பாத்துட்டு என்கிட்ட வந்து, என்னைய ஒரு சொல்லு சொல்லாம, அளந்து பாக்கலாமான்னு கேட்டாங்க. இருபது வருசமா இந்த வேலையில இருக்கேன், இப்படி ஒரு ஆள நான் பாத்ததில்ல. அந்த அறிக்கையில இவங்க பேருதான் மொதல்ல இருக்கணும், மேடம். இன்னிக்கே மாத்திடறேன்."

கலாதேவி சரி என்று தலையசைத்தார். எல்லார் கண்ணும் ரஸ்னா பக்கம் திரும்பியது. அவள் முகம் சிவந்துபோய், துப்பட்டாவின் முனையைச் சரிசெய்துகொண்டு, "அண்ணே, குமுதாக்கா கூப்பிடறாங்க போல," என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு படல அறைக்குப் போய்விட்டாள்.